ஒரு தட்டு, இரண்டு பேண்ட், ஒரு டிரம்மர்

நேப்பாம் டெத் குழுவின் முதல் ஆல்பம் 'ஸ்கம்', 1987 ஜூலையில் இங்கிலாந்தில் வெளிவந்தது. 28 பாட்டு, மொத்தம் சுமார் 33 நிமிடம். வகுத்துப் பார்த்தால் ஒரு பாட்டுக்கு ஒரு நிமிடம் பத்து நொடி சொச்சம். இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச உட்காருகிறவர்கள் முதலில் எடுப்பது 'யூ சஃபர்' என்ற பாட்டைத்தான். 1.316 நொடியில் முடிந்துவிடும். உலகிலேயே மிகச் சிறிய பாட்டு என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. சரி, நானும் சொல்லிவிட்டேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

எனக்கு அதைவிட விசித்திரமாகப் படுவது வேறொன்று. வினைல் தட்டின் முதல் பக்கத்தில் வாசிப்பவர்கள் மூன்று பேர். தட்டைத் திருப்பிப் போட்டால் நான்கு பேர். இரண்டு பக்கத்திலும் இருக்கிற ஒரே ஆள் டிரம்ஸ் வாசிக்கும் மிக் ஹாரிஸ். பாடுகிறவர் வேறு, கிட்டார் வேறு, பேஸ் வேறு. இரண்டு பதிவுக்கும் இடையே ஒன்பது மாதம். ஒரு பேண்டின் முதல் ஆல்பம் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது, உடைந்துபோன ஒரு பேண்டின் கடைசிப் பதிவும் புதிதாகக் கூடிய ஒரு பேண்டின் முதல் பதிவும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்ட ஒரு பொருள்.

மெட்டல் இசையின் மிகக் கடுமையான கிளையான எக்ஸ்ட்ரீம் மெட்டலின் வரலாற்றில் 'ஸ்கம்' ஒரு கொள்கை அறிவிப்புபோலப் பேசப்படுகிறது. இன்னும் வேகம், இன்னும் சத்தம், இன்னும் சுருக்கம் என்று யாரோ திட்டம் போட்டுச் செய்ததுபோல. நடந்ததைப் பார்த்தால் பணம் பற்றவில்லை, ஆள் நிற்கவில்லை. இருந்ததை வைத்து ஒப்பேற்றினார்கள். அந்த ஒப்பேற்றலிலிருந்துதான் ஒரு புது வடிவம் பிறந்தது.

கதை தொடங்குவது பர்மிங்ஹாமுக்கும் கவென்ட்ரிக்கும் நடுவே இருக்கும் மெரிடன் என்ற சிற்றூரில். 1981இல் நிக் புல்லன், மைல்ஸ் ராட்லெட்ஜ் என்ற இரண்டு பள்ளிப் பையன்கள் பேண்ட் ஆரம்பித்தார்கள். புல்லனுக்கு அப்போது வயது பதின்மூன்று. வியட்நாம் போரில் அமெரிக்கா வீசிய தீக்குண்டின் பெயரைப் பேண்டுக்கு வைத்தார்கள். இசையில் அவர்களுக்கு முன்னோடி கிராஸ் என்ற பங்க் குழு. அரசு வேண்டாம், போர் வேண்டாம், யார் சொல்லையும் கேட்டு நடக்க வேண்டாம் என்று பாடிய குழு அது. அந்தக் குழு வெளியிட்ட ஒரு தொகுப்புத் தட்டில் 1984இல் இந்தப் பையன்களின் பாட்டு ஒன்றும் இடம்பெற்றது. அந்தக் கட்டத்தில் இவர்கள் மெட்டல் பேண்டே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மெட்டல் ரசிகர்கள் சொந்தம் கொண்டாடும் இந்த ஆல்பத்தின் வேர் பங்க் இசையில்தான் இருக்கிறது.

மெட்டல் உள்ளே வந்தது 1985இல், ஜஸ்டின் பிராட்ரிக் கிட்டாரோடு சேர்ந்தபோது. பர்மிங்ஹாம் பையன். மெட்டலின் முன்னோடிக் குழுவான பிளாக் சாபத் பிறந்த ஊர் அது. அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி உலோகத் தகடு ஆலையில் வேலை பார்த்தபோது விரல் நுனிகளை இழந்ததும் அதே ஊரில்தான். பிராட்ரிக்குக்கு ஒருபக்கம் பங்கின் கோபம், இன்னொரு பக்கம் சுவிட்சர்லாந்தின் செல்டிக் ஃப்ராஸ்ட் மாதிரிக் குழுக்களின் கனத்த, இழுவையான ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு. சில மாதங்களில் டிரம்ஸில் ராட்லெட்ஜ் போய் மிக் ஹாரிஸ் வந்தார். ஹாரிஸுக்கு ஒரே வெறி, வேகம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சீஜ் என்று ஒரு குழு இருந்தது. தாங்கமுடியாத வேகத்தில் வாசிப்பார்கள். அந்த மாதிரிக் குழுக்களின் கேசட்டுகள் தபாலில் கை மாறிக் கை மாறி இங்கிலாந்துக்கு வந்துகொண்டிருந்தன. ஒருவர் பதிந்து இன்னொருவருக்கு அனுப்புவார், அவர் அதிலிருந்து பதிந்து மூன்றாம் ஆளுக்கு. ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் கொஞ்சம் கூடும். இவர்கள் பழகிய ஒலியே அந்த இரைச்சல் கூடிய ஒலிதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பர்மிங்ஹாமின் ஸ்பார்க்ஹில் பகுதியில் 'தி மெர்மெய்ட்' என்றொரு மதுக்கூடம். அங்கேதான் இவர்களின் மேடை. இங்கிலாந்தில் அப்போது மார்கரெட் தாட்சரின் ஆட்சி. வேலையில்லாதவர் எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டியிருந்த காலம். ஆலைகளையே நம்பியிருந்த பர்மிங்ஹாம் வட்டாரத்துக்கு நல்ல அடி. வேலையும் இல்லை, காசும் இல்லை, பகலெல்லாம் ஒத்திகை பார்க்க நேரம் மட்டும் இருந்தது.

1986 ஆகஸ்டில் புல்லன், பிராட்ரிக், ஹாரிஸ் மூன்று பேரும் பர்மிங்ஹாமின் செல்லி ஓக் பகுதியில் இருந்த 'ரிச் பிட்ச்' ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்கள். செலவு 50 பவுண்டு என்பார்கள். பிராட்ரிக்குக்குப் பதினேழு வயது ஆனதும் ஆகாததுமான நேரம். இதை ஆல்பம் என்று நினைத்து அவர்கள் பதியவில்லை. வேறொரு குழுவோடு ஆளுக்கு ஒரு பக்கம் என்று பகிர்ந்துகொள்ளும் தட்டுக்கான பதிவு அது. அந்த ஏற்பாடு நடக்கவில்லை. ஒலிநாடா மட்டும் கையில் மிஞ்சியது. ஒரு பக்கத்துக்குச் சரியாக இருக்கும் பன்னிரண்டு பாட்டு. மறுபக்கத்துக்கு யாரும் இல்லை.

அதற்குள் பேண்டும் கலைய ஆரம்பித்தது. பிராட்ரிக் ஹெட் ஆஃப் டேவிட் என்ற குழுவுக்குப் போய்விட்டார். அங்கே கிட்டார்கூட இல்லை, டிரம்ஸ். பேண்டைத் தொடங்கிய புல்லனுக்கும் ஆர்வம் விட்டுப்போய் அவரும் விலகினார். போகுமுன் பிராட்ரிக் செய்த ஒரு காரியம்தான் இந்தக் கதையைக் காப்பாற்றியது. அந்த ஒலிநாடாவை நாட்டிங்ஹாமில் இருந்த டிக்பி பியர்சனிடம் கொடுத்தார்.

பியர்சன் அப்போது தன் வீட்டிலிருந்தே ஒரு இசைத்தட்டு நிறுவனம் நடத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் இயரேக் ரெக்கார்ட்ஸ். தமிழில் சொன்னால் 'காதுவலி ரெக்கார்ட்ஸ்'. வாங்குகிறவரிடம் எதையும் மறைக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை. வேலையில்லாத ஒருவர் சொந்தத் தொழில் தொடங்கினால் வாரம் 40 பவுண்டு தருகிற ஒரு திட்டம் தாட்சர் அரசிடம் இருந்தது. வேலையில்லாதோர் கணக்கைக் குறைத்துக் காட்டத்தான் அந்தத் திட்டம் என்று அன்றைக்கே பலர் கேலி செய்தார்கள். பியர்சன் அதில் சேர்ந்தார். முதலாளித்துவம் ஒழிக என்று கத்தும் ஒரு தட்டு, தாட்சரின் தொழில் முனைவோர் உதவித்தொகையில் கால் ஊன்றிய நிறுவனத்திலிருந்து வந்தது. 'ஸ்கம்' அந்த நிறுவனத்தின் மூன்றாவது வெளியீடு.

பாதி ஆல்பம் கையில் இருக்கிறது, பேண்டில் டிரம்மர் மட்டும் இருக்கிறார். ஹாரிஸ் ஆள் பிடிக்கக் கிளம்பினார். பாட வந்தவர் கவென்ட்ரிக்காரர் லீ டோரியன். அதுவரை ஊரில் கச்சேரிகளுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தவர், எந்தப் பேண்டிலும் பாடிப் பதிந்ததில்லை. கிட்டாருக்கு பில் ஸ்டீயர், லிவர்பூல் பக்கத்துக் கார்கஸ் குழுவின் ஆள், பதினேழு வயது. பேஸுக்கு ஜிம் வைட்லி. 1987 மே மாதம், அதே செல்லி ஓக், அதே கூடம். பதினாறு பாட்டு.

இப்போது தட்டைப் போட்டுக் கேளுங்கள். நான் முதன்முதலாக இதைக் கேட்டது நண்பர் ஒருவரின் கணினியில். கோப்பு பாதியிலேயே கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு முறை மறுபடி தரவிறக்கினேன். கெடவில்லை, பாட்டே அப்படித்தான்.

முதல் பக்கத்தில் பாட்டுகளுக்கு ஒரு உடம்பு இருக்கிறது. ஆல்பத்தின் பெயர் கொண்ட 'ஸ்கம்' இரண்டரை நிமிடத்துக்கும் மேல். 'சீஜ் ஆஃப் பவர்' கிட்டத்தட்ட நான்கு நிமிடம், அதாவது இந்த ஆல்பத்தின் கணக்கில் ஒரு காவியம். பிராட்ரிக்கின் கிட்டார் தாழ்ந்த சுருதியில், தூசி படிந்த மாதிரி ஒரு ஒலியில், மெதுவாக ஒரு ரிஃப்பை உருட்டும். தலையாட்ட வசதியான தாளம். கொஞ்ச நேரம் அப்படிப் போகும். நீங்கள் பழகிவிட்டீர்கள் என்று தெரிந்ததும் ஹாரிஸ் பாய்வார். இருபது நொடிக்கு எல்லாமே ஒரே இரைச்சல். பிறகு திடீரென்று பழைய மெதுவுக்குத் திரும்பும். மேடும் பள்ளமும் மாறி மாறி வருவதால்தான் அந்த வேகம் வேகமாகத் தெரிகிறது. புல்லனின் குரல் கரகரப்பானதுதான், ஆனாலும் அதில் இன்னும் ஒரு பங்க் பாடகர் இருக்கிறார். சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஓரளவு பிடிபடும்.

திருப்பிப் போட்டால் அந்தப் பொறுமை இல்லை. பெரும்பாலான பாட்டுகள் ஒரு நிமிடத்தை ஒட்டியே முடிகின்றன. மெதுவான இடங்கள் உண்டு, ஆனால் மூச்சு வாங்குவதற்கு மட்டும். டோரியனின் குரலில் சொற்கள் கரைந்துவிட்டன. அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் வரும், அடுத்த வரியில் நேர் எதிராக ஒரு கிறீச். பாடிப் பழக்கமில்லாதவர் பாடியதால் வந்த குரல் என்று இதை அலட்சியமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பாட்டு எப்படிப் பாட வேண்டும் என்ற பழக்கம் தொண்டையில் ஏறாத ஒருவருக்குத்தான் குரலை இன்னொரு டிரம் மாதிரிப் பயன்படுத்தத் தோன்றும். பிற்பாடு நூற்றுக்கணக்கான குழுக்கள் பின்பற்றியது இந்தப் பக்கத்தைத்தான். நானோ முதல் பக்கத்தின் கட்சி. அதில் இசை இருக்கிறது, இரண்டாம் பக்கத்தில் விளைவு இருக்கிறது என்பேன். இதற்காக என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு.

ஹாரிஸ் வாசித்தது என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். சாதாரண ராக் பாட்டில் நான்கு எண்ணிக்கை உண்டு. ஒன்றிலும் மூன்றிலும் காலால் மிதிக்கும் பெரிய டிரம், இரண்டிலும் நான்கிலும் கையால் அடிக்கும் ஸ்னேர். 'டும், டக், டும், டக்.' பங்கில் இதையே ஓட்டமாக ஓட்டினார்கள். ஹாரிஸ் இந்த டும்முக்கும் டக்குக்கும் நடுவே இருந்த இடைவெளியையே பிடுங்கிவிட்டார். கால், ஸ்னேர், கால், ஸ்னேர் என்று மாறி மாறி, கால் விழும்போதெல்லாம் வலது கை சிம்பலில். ஒரு அளவுக்கு மேல் வேகம் போனதும் காது தனித்தனி அடியாக எண்ணுவதை விட்டுவிடும். அது தாளமாக இல்லாமல், தகரக் கூரையில் பெருமழை கொட்டுகிற மாதிரி ஒரே பரப்பாக ஆகிவிடும். இதற்கு 'பிளாஸ்ட் பீட்' என்று பெயர் வைத்தவர் ஹாரிஸ்தான். ஆனால் கண்டுபிடித்தவர் அவர் என்று சொல்லிவிட முடியாது. சீஜ் முன்பே செய்திருந்தது. அமெரிக்காவின் மிச்சிகனில் ரிபல்ஷன் என்ற குழுவும் 1986இலேயே இந்த வேகத்தில் பதிந்து வைத்திருந்தது. அந்தப் பதிவு ஆல்பமாக வெளிவர 1989 ஆகிவிட்டது. வெளியிட முன்னின்றவர்களில் ஒருவர் இந்த ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்து பில் ஸ்டீயர். கடன் தீர்த்த கணக்கு.

இந்த இசை வகைக்கு 'கிரைண்ட்கோர்' என்ற பெயரும் ஹாரிஸ் வைத்ததே. நியூயார்க்கின் ஸ்வான்ஸ் குழுவைக் கேட்டபோது அதற்குப் பொருத்தமாக அவருக்குத் தோன்றிய ஒரே சொல் 'கிரைண்ட்', அரைத்தல். நம் வீட்டுக் கிரைண்டரில் இருக்கும் அதே சொல். இதில் கவனிக்க வேண்டியது, ஸ்வான்ஸ் மிக மிக மெதுவாக வாசித்த குழு. உலகின் மிக வேகமான இசை வகைக்குப் பெயர் வந்தது மிக மெதுவான ஒரு குழுவிடமிருந்து. கல் சுற்றுகிற வேகம் முக்கியமில்லை, நசுங்குவதுதான் முக்கியம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, இவ்வளவு கோபம் எதன் மேல்? அந்த ஆண்டுகளில் மெட்டலின் கடுமையான குழுக்கள் பெரும்பாலும் சாத்தான், பிணம், நரகம் என்று பாடிக்கொண்டிருந்தன. இந்த ஆல்பத்தின் முதல் பாட்டின் தலைப்பே 'பன்னாட்டு நிறுவனங்கள்'. பட்டினி கிடக்கும் நாடுகளின் சாவில் கொழுக்கிறவர்கள் என்பதுதான் அதன் சாரம். மாசுபட்ட மனங்கள், அதிகாரத்தின் முற்றுகை, சுவரில்லாச் சிறை என்று மற்றத் தலைப்புகளும் அந்த வழிதான். அட்டைப் படத்தை வரைந்தவர் கார்கஸின் ஜெஃப் வாக்கர். கறுப்பு மையில் நுணுக்கமான வேலை. மேலே கோட்டு சூட்டு போட்ட கனவான்கள், கீழே மண்டையோடுகளின் குவியல், அதற்கு நடுவே உலகம் அறிந்த பெரிய நிறுவனங்களின் இலச்சினைகள். தூரத்திலிருந்து பார்த்தால் வழக்கமான மெட்டல் மண்டையோட்டு அட்டை. கிட்டே போனால் அரசியல் சுவரொட்டி.

பாட்டு வரிகள் கேட்டால் புரியாது என்பதால் அட்டையிலும் உள்தாளிலும் கருத்தைச் சுமக்க வேண்டியிருந்தது. புரியாத குரலில் பிரச்சாரம் செய்வதில் ஒரு முரண் இருக்கிறது, மறுக்க மாட்டேன். 'யூ சஃபர்' அந்த முரணுக்கான விடை மாதிரி எனக்குப் படுகிறது. அதில் நான்கே சொற்கள். நீ துன்பப்படுகிறாய், ஏன், என்று ஒரு கேள்வி. முதலாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு அது. பதினோரு பாட்டாகக் கத்தியதையெல்லாம் ஒரு கேள்வியாக்கி, பதில் வருமுன் ஊசியைத் தூக்கிவிடுகிறார்கள். அவர்கள் இதை நகைச்சுவையாகத்தான் செய்தார்கள், மேடையில் ஜனம் சிரிக்கத்தான் செய்தது. 1989இல் இயரேக் அதை ஏழு அங்குலத் தட்டாகவே போட்டது. மறுபக்கம் எலெக்ட்ரோ ஹிப்பீஸ் என்ற குழுவின், அதே நொடிக் கணக்கில் முடியும் இன்னொரு பாட்டு. தட்டைத் திருப்புகிற நேரம் பாட்டின் நேரத்தைவிட அதிகம்.

வானொலி மட்டும் இல்லையென்றால் இதெல்லாம் சில ஆயிரம் பேரின் தனி உலகமாக முடிந்திருக்கும். பிபிசி ரேடியோ ஒன்னில் இரவு நேர நிகழ்ச்சி நடத்திவந்த ஜான் பீலுக்கு ஆல்பம் பிடித்துப்போனது. யாருக்கும் தெரியாத குழுக்களைக் கூப்பிட்டு பிபிசி கூடத்தில் பதிந்து ஒலிபரப்புவது அவர் வழக்கம். 1987 செப்டம்பரில் நேப்பாம் டெத் போனது. பன்னிரண்டு பாட்டு வாசித்தார்கள். எல்லாம் சேர்ந்து ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. மற்றக் குழுக்கள் நான்கு பாட்டு கொடுத்துவிட்டுப் போகிற இடம் அது. மெட்டல் இசைத்தட்டுக் கடைக்குள் ஒருநாளும் நுழையாத மாணவர்களும் கலைப்பள்ளிக்காரர்களும் இரவு படுக்கையில் கிடந்தபடி இதைக் கேட்டார்கள். இது மெட்டலா, பங்கா, விளையாட்டா என்ற விவாதம் அப்போது தொடங்கியது. அடுத்த ஆண்டே இரண்டாவது ஆல்பம் வந்தது. அதற்குள் வைட்லி போய் பேஸுக்கு ஷேன் எம்பரி வந்துவிட்டார். அவர் இன்றும் பேண்டில் இருக்கிறார். அப்புறம் டோரியனும் ஸ்டீயரும் 1989இல் விலகினார்கள். டோரியன் கதீட்ரல் என்ற குழுவைத் தொடங்கினார், ஸ்டீயர் கார்கஸோடு முழுநேரமாகச் சேர்ந்துகொண்டார். டோரியன் இடத்துக்கு பார்னி கிரீன்வே வந்தார். 1991இல் ஹாரிஸும் போனதும் 'ஸ்கம்' ஆல்பத்தில் வாசித்த ஒருவர்கூட நேப்பாம் டெத்தில் மிச்சமில்லை. மேடையில் 'ஸ்கம்' பாட்டுகள் மட்டும் இன்றுவரை விடாமல் ஒலிக்கின்றன. முறிவிலேயே பிறந்த பேண்டுக்கு ஆட்கள் மாறுவது பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது.

போனவர்கள் போன திசைதான் எனக்குச் சுவாரசியம். பிராட்ரிக் 1988இல் காட்ஃப்ளெஷ் குழுவைத் தொடங்கினார். டிரம்மருக்குப் பதில் இயந்திரம், நடை யானை நடை. கதீட்ரலோ பிளாக் சாபத் பாணியில் ஊர்ந்து போகிற இசை. வேகத்தை உச்சிக்குக் கொண்டுபோன இவர்கள் அங்கே கூடாரம் போடவில்லை.

ஹாரிஸ் வெளியே வந்ததும் தேடிப் போனது புல்லனை. இருவரும் ஸ்கார்ன் என்ற பெயரில் வாசிக்க ஆரம்பித்தார்கள். 1992இல் அவர்களின் முதல் ஆல்பம் 'வே சோலிஸ்' இயரேக்கிலேயே வந்தது. அதில் கிட்டார் வாசிக்க பிராட்ரிக்கையும் அழைத்திருந்தார்கள். புல்லன், பிராட்ரிக், ஹாரிஸ். ஆறு ஆண்டுக்கு முன் செல்லி ஓக்கில் முதல் பக்கத்தைப் பதிந்த அதே மூன்று பேர். இந்த முறை அவசரம் எதுவும் இல்லை. அடி ஒன்று விழுந்து, அதன் எதிரொலி முழுவதுமாக அடங்கிய பிறகுதான் அடுத்த அடி விழுகிறது. அதில் ஒரு பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்கம் ஆஃப்டர் டெத்'.